வெப்சைட்டை மாற்றிவிட்டார்களா? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே ரேஸ் சீசனைத் தவறவிடாமல் பார்ப்பது எப்படி

சிங்கப்பூரில் ஃபார்முலா 1 கார் ரேஸ் நடந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஓசூரில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஓவர்டைம் முடித்து, கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரி வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, ராத்திரி 8 மணிக்குத்தானே ரேஸ் என்று படுத்துவிட்டேன். ஏழே முக்காலுக்கு எழுந்து போட்டால் கோப்பை கொடுத்து முடித்து, ஓட்டுநர்கள் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் போன் பண்ணி, "மாமா, கடைசி பத்து லேப் பாத்தீங்களா?" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை.

நடந்தது இதுதான். பல வருடமாக நேரமும் முடிவும் பார்க்க நான் நம்பியிருந்த ஒரு வெப்சைட்டை அதற்கு முந்தைய வாரம் புதிதாக்கியிருந்தார்கள். பழைய பக்கத்தில் ஒரே ஒரு அட்டவணை இருக்கும்: தேதி, ட்ராக், இந்திய நேரம், அவ்வளவுதான், பட்டன் போனில்கூடத் திறக்கும். புதியதில் ஒவ்வொரு ரேஸுக்கும் திரையை அடைக்கிற மாதிரி ஒரு படம், கீழே 8 மணி என்று பெரிய எழுத்து. அது சிங்கப்பூர் நேரம் என்பது மூலையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அங்கே 8 என்றால் இங்கே மாலை 5:30. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், ஆனால் அந்த வெப்சைட் எப்போதும் நம் நேரத்தையே காட்டும் என்று பழகியிருந்ததால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த ஒரு பக்கத்தையும் முழுதாக நம்பி ஒரு சீசனை ஒப்படைப்பதில்லை. நேரம், முடிவு, பாயின்ட் மூன்றையும் என் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். இதைச் செய்ய சீசன் தொடக்கத்தில் ஒரு மாலை நேரமும் ஒரு 192 பக்க லாங் சைஸ் நோட்டும் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வேலை காலண்டர்

அந்தந்தப் போட்டியை நடத்துகிறவர்களின் அதிகாரப்பூர்வ காலண்டரை எடுங்கள். ஃபார்முலா 1க்கு அவர்களுடையது, மோட்டோஜிபி பைக் ரேஸுக்கு அவர்களுடையது, நம் தேசிய சாம்பியன்ஷிப்புகளுக்கு எஃப்எம்எஸ்சிஐ, அதாவது இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பு. செய்தித் தளங்களில் வருகிற பட்டியலை எடுக்காதீர்கள். தேதி மாறினால் அவர்கள் பழையதைத் திருத்த மாட்டார்கள்.

நோட்டில் ஒரு ரேஸுக்கு ஒரு வரி. ட்ராக் பெயர், அந்த ஊர் நேரம், நம் நேரம், அப்புறம் நம் கிழமை. இந்தக் கிழமைதான் முக்கியம். அமெரிக்காவில் ஆஸ்டினில் ஞாயிறு மதியம் 2 மணிக்குப் புறப்படுகிற ரேஸ் நமக்குத் திங்கள் அதிகாலை 12:30. காலண்டரில் ஞாயிறு என்று பார்த்துவிட்டு ஞாயிறு முழுக்கக் காத்திருந்து தூங்கிப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். லாஸ் வேகாஸிலும் ஒரு நாள் தள்ளும், அங்கே சனி ராத்திரி ஓடினால் நமக்கு ஞாயிறு காலை. டிபன் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

கூட்டல் கழித்தலை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் எந்த வெப்சைட் எப்படி மாறினாலும் கவலையில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலான ட்ராக்குகளுக்கு, இத்தாலி, ஸ்பெயின், மொனாக்கோ, பெல்ஜியம் எல்லாம், கோடையில் மூன்றரை மணி நேரம் கூட்டவேண்டும். அங்கே மதியம் 3 மணி என்றால் நமக்கு மாலை 6:30. இங்கிலாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் நாலரை. பஹ்ரைன், கத்தார், சவுதிக்கு இரண்டரை, அபுதாபிக்கு ஒன்றரை. கிழக்கே போனால் கழிக்கவேண்டும்: தாய்லாந்துக்கு ஒன்றரை, சிங்கப்பூர், மலேசியா, சீனாவுக்கு இரண்டரை, ஜப்பானுக்கு மூன்றரை. மெல்போர்னுக்கு ரேஸ் நடக்கிற மார்ச் மாதத்தில் ஐந்தரை.

இதில் ஆளைக் கவிழ்க்கிற இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் இழுப்பார்கள். அமெரிக்காவில் அதே வேலையை மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் செய்கிறார்கள். அதனால் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை ஓடுகிற ஸ்பெயின், போர்ச்சுகல் பைக் ரேஸுக்கெல்லாம் உங்கள் பழைய கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். நோட்டில் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

கணக்கே வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. போனில் உள்ள கூகுள் காலண்டரில் நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடம் ஒன்று இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் ரேஸ் நடக்கிற ஊரின் நேர மண்டலத்தைப் போட்டு, அந்த ஊர் நேரத்தை அப்படியே அடியுங்கள். நம் நேரத்துக்கு அதுவே மாற்றிக்கொள்ளும், ஒரு மணி நேரம் முன்பே ஞாபகப்படுத்தும்படியும் அதில் வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் தள்ளுகிற விவகாரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஷிஃப்ட்டில் வேலை செய்பவர்கள் ஷிஃப்ட்டையும் அதே காலண்டரில் போடுங்கள். எந்த ரேஸை நேரலையாகப் பார்க்க முடியும், எதற்கு வாட்ஸ்ஆப்பை மூடி வைத்துவிட்டு மறுநாள் முழு ரீப்ளே பார்க்கவேண்டும் என்பது வருட ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

சாதாரணமாக நம் ஆட்கள் விட்டுவிடுகிற இரண்டை நோட்டில் கட்டாயம் சேருங்கள். ஒன்று ஜூனில் பிரான்ஸில் நடக்கிற லெ மான் 24 மணி நேர கார் ரேஸ்: சனிக்கிழமை அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்கும், நமக்கு இரவு 7:30, மறுநாள் அதே 7:30க்கு முடியும். இன்னொன்று ஐல் ஆஃப் மேன் டிடி, அந்தத் தீவின் பொது ரோடுகளிலேயே நடக்கிற பைக் ரேஸ். அதன் ஒரு லேப் (ஒரு சுற்று) ஏறக்குறைய 60.7 கிலோமீட்டர், அதாவது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற தூரத்தைவிட அதிகம். ஊருக்குள், வீட்டுச் சுவர்களுக்கு நடுவில், அந்தத் தூரத்தை வேகமான ஆட்கள் 17 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். நம் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு பைக்கில் கேமரா கட்டி எடுத்த ஆன்போர்டு வீடியோவை ஒருமுறை பாருங்கள்.

ஜனவரியில், பாலைவனத்தில் நாள்கணக்கில் ஓடுகிற டக்கார் ராலியும் இருக்கிறது, 2020லிருந்து சவுதியில் நடக்கிறது. 2024ல் நம் ஹரித் நோவா ஷெர்கோ டிவிஎஸ் பைக்கில் ராலி 2 பிரிவை ஜெயித்தார். டிவிஎஸ் என்றால் ஓசூர், ஓசூர் என்றால் நம் மாவட்டம். 1982லிருந்து ரேஸ் டீம் நடத்துகிற கம்பெனி நம் பக்கத்தில் இருந்தும் அன்றைக்கு இங்கே டீக்கடைகளில் அதைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பக்கம் மாறிவிட்டால்

சரி, வழக்கமாகப் பார்க்கிற பக்கம் ஒருநாள் திடீரென்று வேறு முகத்தோடு வந்து நிற்கிறது. பழைய முடிவுகளைக் காணோம், தேடுகிற பெட்டி எங்கேயோ மூன்று கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, திறந்ததும் வீடியோ தானாக ஓடி டேட்டாவைத் தின்கிறது. முதலில் பிரவுசரின் மூன்று புள்ளியைத் தட்டி டெஸ்க்டாப் சைட் என்பதைப் போடுங்கள். போனில் மறைத்துவிட்ட அட்டவணை பல நேரம் அதில் அப்படியே இருக்கும். ரீடர் மோட் இருந்தால் அதையும் பாருங்கள், படம் எல்லாம் போய் எழுத்து மட்டும் நிற்கும். முகப்புப் பக்கத்தை புக்மார்க் பண்ணுவதை விட்டுவிட்டு, முடிவுகள் பக்கம், பாயின்ட் பக்கம் என்று உள்பக்கங்களை நேராக புக்மார்க் பண்ணுங்கள். முகப்பு எப்படி மாறினாலும் உங்களுக்குத் தொந்தரவு குறைவு.

இதைவிட நல்லது பிடிஎஃப். கார் ரேஸுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ ஒவ்வொரு ஃபார்முலா 1 ரேஸுக்கும் குவாலிஃபையிங் (தகுதிச் சுற்று) முடிவு, கிரிட் என்கிற புறப்படும் வரிசை, ஸ்டூவர்டுகள் என்கிற நடுவர்கள் கொடுத்த தண்டனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஆவணமாகப் போடுகிறது. மோட்டோஜிபியும் ஒவ்வொரு செஷனுக்கும் லேப் வாரியாக நேரம் போட்ட பிடிஎஃப் தருகிறது. அவற்றில் விளம்பரமோ வீடியோவோ இருக்காது, இறக்கி வைத்துக்கொண்டால் யார் எந்த வெப்சைட்டை மாற்றினாலும் அவை உங்களிடம் இருக்கும். நான் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். நம் மக்கள் செய்தியில் படித்துவிட்டு, "அவனுக்கு வேணும்னே தண்டனை கொடுத்தாங்க" என்று சண்டை போடும்போது, அந்த ஒரு பக்க ஆவணத்தைத் திறந்து என்ன விதி, என்ன காரணம் என்று படித்துக் காட்டினால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பழைய பக்கத்தில் இருந்த, இப்போது காணாமல்போன கட்டுரை ஏதாவது வேண்டுமென்றால், முகவரி ஞாபகமிருந்தால், இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அடித்துப் பாருங்கள். எல்லாம் கிடைக்காது. ஆனால் தொலைந்துவிட்டது என்று நினைத்த சில பழைய தேசிய ரேஸ் முடிவுகள் எனக்கு அதில் கிடைத்திருக்கின்றன.

அடுத்து, தயவுசெய்து புகார் எழுதுங்கள். "புது டிசைன் குப்பை" என்று நாலு வார்த்தை போட்டால் அதை யாரும் படிக்கமாட்டார்கள். எந்தப் போன், எந்த பிரவுசர், எந்தப் பக்கம், என்ன தேடினேன், என்ன கிடைத்தது, முன்பு எப்படி இருந்தது என்று எழுதி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வையுங்கள். நான் எழுதியது இப்படித்தான்: "ரேஸ் நேரம் ட்ராக் நேரமாக மட்டும் தெரிகிறது. முன்பு என் ஊர் நேரமாகத் தெரியும். இந்த மாற்றத்தால் ஒரு ரேஸைத் தவறவிட்டேன். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் காட்டுங்கள், அல்லது தேர்ந்தெடுக்க விடுங்கள்." ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் எழுதி போனிலேயே மொழிபெயர்த்து அனுப்பலாம், சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் சரியாகவே வரும். சில வாரங்களில் அந்தத் தளத்தில் நேரம் மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. என்னைப் போலப் பலர் எழுதியிருப்பார்கள். டிசைன் செய்கிறவர்கள் பெரிய திரையில், வேகமான நெட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பஸ்ஸில், பர்கூர் தாண்டி சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவனின் பாடு நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

நோட்டை வைத்து ரேஸ் பார்ப்பது

நேரலை டைமிங் பக்கம் மாறினாலும் அதில் உள்ள அர்த்தம் மாறாது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா 1ல் ஊதா நிறம் என்றால் அந்த செஷனில் எல்லோரையும்விட வேகம். பச்சை என்றால் அவரவர் சொந்த வேகத்தில் அதிகபட்சம். மஞ்சள் என்றால் முன்பைவிட மெதுவு. இடைவெளி இரண்டு விதமாக வரும்: முதலிடத்துக்கு எவ்வளவு, முன்னால் போகிறவருக்கு எவ்வளவு. சில புது டிசைன்களில் இதில் ஒன்றைத்தான் காட்டுகிறார்கள், எது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பிறகு கணக்குப் போடுங்கள், ரேஸின் ருசி அங்கேதான் இருக்கிறது. முன்னால் போகிறவர் ஒரு லேப்பை 1 நிமிடம் 32.4 வினாடியில் ஓட்டுகிறார், பின்னால் வருகிறவர் 1:31.9ல் ஓட்டுகிறார், நடுவில் 6 வினாடி இருக்கிறது என்றால், லேப்புக்கு அரை வினாடி, பிடிக்கப் பன்னிரண்டு லேப் வேண்டும். மீதி பத்து லேப்தான் இருக்கிறது என்றால் வர்ணனையாளர் எவ்வளவு கத்தினாலும் பிடிக்கமுடியாது. ஆனால் முன்னால் போகிறவரின் டயர் இருபது லேப் பழசு, பின்னால் வருகிறவருடையது ஐந்து லேப் பழசு என்றால் அந்த அரை வினாடி போகப் போக முக்கால் ஆகும், ஒன்றாகும். அப்போது நாற்காலி நுனியில் உட்காரலாம்.

பாயின்ட் அட்டவணையையும் கையால் போடுங்கள். ஃபார்முலா 1ல் முதல் பத்துப் பேருக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. மோட்டோஜிபியில் பதினைந்து பேருக்கு: 25, 20, 16, 13, 11, அதற்குப் பிறகு 10லிருந்து ஒவ்வொன்றாகக் குறையும். 2023லிருந்து மோட்டோஜிபியில் சனிக்கிழமை ஸ்பிரின்ட் என்கிற குட்டி ரேஸும் உண்டு, அதில் ஜெயித்தால் 12. கையால் கூட்டிக்கொண்டே வந்தால் செப்டம்பரில் யாருக்கு என்ன வேண்டும் என்பது வேறு யாரும் சொல்லாமலே தெரியும்.

இருங்காட்டுக்கோட்டைக்கு ஒருமுறை போய்வாருங்கள்

வருடத்தில் ஒருமுறையாவது நேரில் போகாமல் இதெல்லாம் நிறைவு பெறாது. நமக்கு உள்ள வசதி பலருக்குத் தெரியவில்லை. சென்னை ட்ராக் நம் வீட்டு ரோட்டிலேயே இருக்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48ல் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. நம் ஊரில் ரயில் இல்லையே என்ற குறை இந்தப் பயணத்தில் தெரியாது. சென்னை பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் இருங்காட்டுக்கோட்டையில் நிற்குமா என்று கேளுங்கள், நிற்காது என்றால் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம். தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சேலம் வழியாகக் கோயம்புத்தூர் போனால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. நம்மூர் மக்கள் குறைந்த செலவில் ரேஸ் கார் ஓட்டவேண்டும் என்று மாருதி இன்ஜினை வைத்து கார் கட்டிய கரிவரதனின் பெயர் அதற்கு, அவர் 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்தான், 2005ல் ஜோர்டன் டீமில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தேதியை மறுபடி சரிபாருங்கள், மழையாலும் வேறு காரணத்தாலும் மாறுவதுண்டு. பைக்கில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: போகும்போதும் வரும்போதும் ரோட்டில் ரேஸ் வேண்டாம். ட்ராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், விலகிப் போனால் வேகத்தைக் குறைக்க ஓரத்தில் சரளை இருக்கும், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் பிரேக் பிடிக்காத லாரிதான் இருக்கும். அங்கே நடந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், காதுக்குப் பஞ்சு, நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் மை கலங்கும். மெயின் ஸ்ட்ரெய்ட், அதாவது ட்ராக்கின் நீளமான நேர்ப் பகுதி, தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, எதிரே அசையாத ஒரு கம்பத்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக் அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்த சுற்றில் அதே இடத்தில் நிறுத்துங்கள். ட்ராக்கின் முழு நீளம் 3.717 கிலோமீட்டர், மொனாக்கோவைவிடப் பெரியது. அதை ஒரு மணி நேரத்தின் 3,600 வினாடிகளால் பெருக்கினால் 13,381, அந்த எண்ணை உங்களுக்குக் கிடைத்த வினாடிகளால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். 110 வினாடி என்றால் மணிக்கு 121 கிலோமீட்டரும் கொஞ்சமும். கை அழுத்துவதில் கால் வினாடி முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. சில ரேஸ்களைச் சின்னச் சுற்றிலும் நடத்துவார்கள், எந்தச் சுற்று என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் லேப் சார்ட். கம்ப்யூட்டர் டைமிங் வருவதற்கு முன்பு டீம்களே இப்படித்தான் எழுதினார்கள். இடது ஓரத்தில் லேப் எண், அந்த வரியில் பைக்குகள் முடிவுக் கோட்டைத் தாண்டுகிற வரிசையில் அவற்றின் எண்கள். இரண்டு பேர் வேண்டும். நான் எண்ணைச் சொல்ல அக்கா மகன் எழுதுவான், முதல் பத்து எண் மட்டும், அதற்கு மேல் கை ஓடாது. அவன் எழுதிக்கொண்டே போகும்போது மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஒரு எண் திடீரென்று அந்த வரியில் இல்லை. "மாமா, இருபத்தேழ காணோமே" என்றான். இரண்டு பேரும் எழுந்து நின்று ட்ராக்கின் அந்தப் பக்கம் பார்த்தோம், தூரத்தில் ஆபத்தை எச்சரிக்கிற மஞ்சள் கொடி ஆடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் தானே எழுந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்ததைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தோம். அன்றைக்குப் போனில் நெட் சரியாகவே கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பதை எங்கள் நோட்டுதான் சொன்னது.

ரேஸ் முடிந்ததும் நோட்டை மூடும் முன் தேதி, பிரிவு, வெயிலா மழையா என்று மேலே எழுதிவிடுங்கள். அதிகாரப்பூர்வ முடிவு வெளியானதும் உங்கள் சார்ட்டோடு ஒத்துப் பாருங்கள், எங்கே தப்பு விட்டீர்கள் என்று தெரியும். கிருஷ்ணகிரி பஸ் ராத்திரி நேரத்தில் கூட்டமாக வரும், ஏழு மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.